உளுத்த மரத்தின் சாட்சியம்: இத்தாலிய நாற்காலிகளும் அவற்றின் காலமும்

சவனரோலா நாற்காலி என்று ஒன்று இருக்கிறது. பாம்பு நெளிவாக வளைந்த மெல்லிய மரச்சட்டங்கள் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மேலே போய்க் கைகளைத் தாங்கும், கீழே இறங்கிக் கால்களாகும். முன்னிருந்து பின்வரை ஆறு, ஏழு, சில சமயம் அதற்கும் மேல் ஜோடிகள். வெட்டும் இடத்தில் ஓர் அச்சு. வேண்டாதபோது மடித்துச் சுவரோரம் வைக்கலாம். முதுகுக்கு ஒரு பலகை. அதில் பெரும்பாலும் ஏதோ ஒரு குடும்பத்தின் சின்னம் செதுக்கியிருக்கும். இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, தாந்தே நாற்காலி. அதில் சட்டங்கள் தடித்து, முன்னொன்று பின்னொன்று என இரண்டே ஜோடிகள். உட்காரவும் சாயவும் தோலோ வெல்வெட்டோ இழுத்துக் கட்டியிருக்கும்.

தாந்தே இறந்தது 1321ல். சவனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்தது 1498 மே 23ல். இந்த இரண்டு பெயர்களும் நாற்காலிகள் மேல் ஒட்டப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இருவரில் எவரும் தம் பெயர் தாங்கிய நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. சவனரோலா விஷயத்தில் பெயர் பொருத்தமற்றது மட்டுமல்ல, விபரீதமானது. 1497 பிப்ரவரி 7ல் ஃப்ளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் கண்ணாடிகளையும் வாசனைப் பொருட்களையும் இசைக் கருவிகளையும் புத்தகங்களையும் ஆடம்பரம் என்று குவித்து நெருப்பு வைத்தவர்கள் அந்தத் துறவியின் ஆட்கள். அவர் பெயரில் இன்று ஏலக்கூடங்களில் நாற்காலி விலை போகிறது.

பெயர் வந்த காலத்தைக் கவனித்தால் காரணம் விளங்கும். 1865ல் தாந்தேயின் அறுநூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடினார்கள். சாந்தா க்ரோச்சே சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே ஆண்டு ஃப்ளாரன்ஸ் புது இத்தாலியின் தலைநகரம் ஆனது. 1871 வரை அப்படி இருந்தது. 1869ல் சவனரோலா வாழ்ந்த சான் மார்க்கோ மடம் மியூஸியமாகத் திறந்தது. புதிதாகத் தேசமானவர்களுக்கு மூதாதையர் தேவைப்பட்டார்கள். மூதாதையர் நின்றுகொண்டே இருக்க முடியாது.

இந்த வடிவத்தைச் செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பதல்ல விஷயம். வடிவம் மெய்யாகவே பழையது, அதுவும் சவனரோலாவைவிட மிகப் பழையது. ரோமானிய நீதிபதிகளும் கான்ஸல்களும் அமர்ந்த மடிப்பு ஆசனமும் இதே குறுக்குக்கால் அமைப்புதான். அதைத் தூக்கிக்கொண்டு ஆள் முன்னால் போவான். விரித்த இடத்தில் அதிகாரம் உட்காரும். (நம் சொல் கால்களை எண்ணுகிறது, நாற்காலி என்கிறது. இத்தாலியரின் சொல் உட்காருவதிலிருந்து பிறந்தது. கால் நான்கா, எட்டா, பதினாறா என்பது அவர்களுக்குப் பிரச்னையில்லை.) ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு வடிவத்தை வைத்து ஒரு குறிப்பிட்ட நாற்காலியின் வயதை எப்படிச் சொல்வது? வடிவம் அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லும். எப்போது பிறந்தது என்று சொல்லாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்ததால்தான் ஐரோப்பிய மியூஸியங்கள் ஒரு நூற்றாண்டு காலம் தடுமாறின.

இன்னொன்றும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ் வீட்டில் கை வைத்த நாற்காலி சர்வசாதாரணப் பொருளல்ல. ஜனங்கள் முக்காலியில் உட்கார்ந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள், கல்யாணச் சீர் வந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். கையும் முதுகும் உள்ள ஆசனம் வீட்டுத் தலைவனுக்கோ வந்த பெரிய மனிதனுக்கோ. அப்படியிருக்க, 1870க்குப் பிறகு ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் நூலகங்களிலும் பணக்காரர் வீட்டு முகப்புகளிலும் ஜோடிஜோடியாக வந்து நின்ற சவனரோலா நாற்காலிகள் எங்கிருந்து வந்தன? எண்ணிக்கையே போதும் சந்தேகப்பட.

*

1866ல் லூவர் மியூஸியம் ஒரு சுடுமண் மார்பளவுச் சிலையை வாங்கியது. ஜிரோலமோ பெனிவியேனி என்ற பழைய ஃப்ளாரன்ஸ் கவிஞரின் முகம். மறுமலர்ச்சிக் காலத்துப் படைப்பு என்று நிபுணர்கள் நெக்குருகினார்கள். செய்தவர் ஜியோவன்னி பாஸ்டியானினி, 1830ல் பிறந்தவர், அப்போது உயிரோடிருந்தார். முன்னால் மாதிரியாக உட்கார்ந்தவர் அந்த ஊர்ப் புகையிலைத் தொழிலாளி ஒருவர். செய்யச் சொன்னவர் ஒரு பழம்பொருள் வியாபாரி. விஷயம் வெளிவந்தபோது பாரிஸ்காரர்கள் பல காலம் நம்ப மறுத்தார்கள். ஒருவர் கண்ணெதிரே நின்று 'நான்தான் செய்தேன்' என்கிறார். 'உன்னால் முடியாது, இது அந்தக் காலத்துக் கை' என்கிறார்கள் இவர்கள். 1868ல் பாஸ்டியானினி செத்துப்போனார். பெனிவியேனி சவனரோலாவைப் பின்பற்றியவர் என்பதும், பாஸ்டியானினி சவனரோலாவின் தலையையும் செய்து அதையும் முதலில் பழையதென்றே கொண்டாடினார்கள் என்பதும் தற்செயல் அல்ல. சந்தை கேட்ட முகங்கள் அவை.

சிலைக்கு நடந்தது நாற்காலிக்கு நடக்காமல் இருக்குமா? சிலையில் முகம் உண்டு, சண்டை போட ஆள் உண்டு. நாற்காலிக்காக யாரும் பத்திரிகையில் சண்டை போடவில்லை. அது ஓசையில்லாமல் நடந்தது.

அந்தக் காலத்து ஃப்ளாரன்ஸை மனதில் கொள்ள வேண்டும். பழைய சந்தையும் அதைச் சுற்றியிருந்த இடுக்கான தெருக்களும் சுகாதாரத்தின் பெயரால் இடிக்கப்பட்டு, இன்றைய ரிப்பப்ளிக் சதுக்கம் எழுந்தது. அங்குள்ள வளைவில் 1895 என்று பொறித்திருக்கிறார்கள். இடிந்த வீடுகளிலிருந்து கதவு, உத்தரம், பலகை, கல் வளைவு எல்லாம் வெளியே வந்தன. மடங்கள் கலைக்கப்பட்டதில் தேவாலயச் சாமான்கள் வந்தன. இதையெல்லாம் வாங்கிச் சேர்த்தவர்களில் முதல்வர் ஸ்டெஃபானோ பார்தினி (1836 - 1922). ஓவியனாகப் பயின்றவர், வியாபாரியாக வாழ்ந்தவர். 1881ல் மோட்ஸி சதுக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்தையும் மடத்தையும் வாங்கி, பழைய பலிபீடங்களின் கற்சட்டங்களையே ஜன்னல்களாக வைத்துத் தன் மாளிகையைக் கட்டினார். சுவருக்கு அவர் அடித்த நீலம் பிரசித்தம். வாங்க வந்த பணக்காரச் சீமாட்டிகள் சாமானோடு அந்த நீலத்தையும் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய பட்டறைகளில் 'பழுதுபார்த்தல்' என்பது மிகவும் விரிந்த அர்த்தம் கொண்ட சொல். ஒரு பெட்டியின் முகப்பு, இன்னொன்றின் மூடி, மூன்றாவதன் கால், இவை சேர்ந்து நான்காவதாக ஒன்று. அதைப் பொய் என்று முழுக்கச் சொல்ல முடியாது; எல்லா மரமும் பழைய மரம்.

பார்தினியிடம் வேலை பார்த்தவர் எலியா வோல்பி. 1904ல் தாவன்ஸாத்தி மாளிகை என்ற பதினாலாம் நூற்றாண்டு வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து, 'அந்தக் கால ஃப்ளாரன்ஸ் வீடு இப்படித்தான் இருந்தது' என்று சாமான் நிரப்பி 1910ல் பொதுமக்களுக்குத் திறந்தார். 1916ல் உள்ளே இருந்ததையெல்லாம் நியூயார்க்குக்கு அனுப்பி ஏலம் விட்டார். அமெரிக்காவில் அதற்குப் பின் ஒரு தலைமுறைக்கு மறுமலர்ச்சி அறை என்றால் கற்சுவர், இருண்ட உத்தரம், இரண்டு குறுக்குக்கால் நாற்காலி என்று ஆயிற்று. வீடு 1951ல் அரசாங்கத்தின் கைக்கு வந்து 1956ல் மியூஸியமாகத் திறந்தது. இப்போது பார்க்கக் கிடைப்பது வோல்பி 'கண்ட' வீட்டின் சாயலில் மறுபடி நிரப்பப்பட்ட வீடு. வரலாறு என்று நாம் பார்ப்பது ஒரு வியாபாரியின் கனவாக இருப்பதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கனவுக்கு ரசீது போட்டதுதான் ஆட்சேபம்.

பெர்லின் மியூஸியங்களின் வில்ஹெல்ம் ஃபான் போடே பார்தினியின் முக்கியமான வாடிக்கைக்காரர். 1902ல் இத்தாலிய மறுமலர்ச்சி வீட்டுச் சாமான்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவரும் அவரே. அதாவது, வாங்கியவரே காலமும் நிர்ணயித்தார். அவர் நிர்ணயித்த காலத்தைக் காட்டி மற்றவர் வாங்கினார்கள். போடேயின் கண் சாமான்யமான கண் அல்ல, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்தான் 1909ல் ஒரு மெழுகுச் சிலையை லியனார்டோ செய்தது என்று வாங்கியது. பல பத்தாண்டுக் கச்சேரிக்குப் பின் 2021ல் வெளியான கார்பன் ஆய்வு அது பத்தொன்பதாம் நூற்றாண்டு மெழுகு என்றது. ரசனை எவ்வளவு நுட்பமானாலும் அது தன் காலத்து ரசனை. அதே காலத்தில் வாழும் போலிக்காரனுக்கும் அதே ரசனைதான். அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் போலிகளைக் கண்டுகொள்ளாமல் முந்திய தலைமுறையின் போலிகளைப் பார்த்துச் சிரிக்கிறது.

*

அப்படியானால் மரத்தையே கேட்க வேண்டியதுதான்.

இத்தாலிய நாற்காலிகளில் பெரும்பாலானவை வால்நட், அதாவது அக்ரூட் மரம். மர வளையங்களை எண்ணிக் காலம் சொல்லும் முறை ஓக்கிலும் ஊசியிலை மரங்களிலும் நன்றாக வேலை செய்கிறது. வால்நட்டுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும்படியான நீண்ட வளையத் தொடர்கள் அரிது. தவிர, நாற்காலிச் சட்டம் மெல்லியது. எண்ணும்படியாக வளையம் கிடைப்பதே கஷ்டம். கார்பன் முறையோ சுமார் 1650க்குப் பிந்திய மூன்று நூற்றாண்டுகளைச் சரியாகப் பிரித்துக் காட்டாது. நமக்கு வேண்டிய தகராறெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று நூற்றாண்டுக்குள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, ஆசாரி அதை அறுத்த காலத்தைச் சொல்லா. பழைய உத்தரத்தில் புது நாற்காலி செய்தவனிடம் விஞ்ஞானம் ஏமாந்துபோகும்.

ஆகவே அறுத்த கையின் தடயம் முக்கியம். கை ரம்பம் நேர்க்கோடுகளை விடும், சற்றுக் கோணலாக, இடைவெளி மாறிமாறி. வட்ட ரம்பம் வில் போன்ற கோடுகளை விடும். அப்படி ஒன்று உட்காரும் பலகையின் அடியில் தெரிந்தால் அது யந்திர யுகத்துப் பலகை. கூர்முனையுள்ள யந்திரத் திருகாணி 1840களுக்குப் பிந்தியது. மெத்தைக்குள் சுருள் வில் இருந்தால் அந்த மெத்தை பத்தொன்பதாம் நூற்றாண்டினது. ஆனால் சட்டம் பழையதாக இருக்கலாம், ஏனென்றால் நாற்காலியில் முதலில் சாவது துணிதான். உண்மையாகவே பழைய சட்டத்தில் துணியை உரித்துப் பார்த்தால் ஆணி அடித்துப் பிடுங்கி, அடித்துப் பிடுங்கி, ஓரமெல்லாம் அம்மைத் தழும்பாக இருக்கும். ஒரே ஒரு வரிசை ஆணித் துளையோடு முந்நூறு வயது என்று சொல்லும் நாற்காலியை நம்ப வேண்டியதில்லை.

மரம் நாரின் நெடுக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், குறுக்கில் சுருங்கும். கடைசலில் வட்டமாக உருட்டிய கால் பல பத்தாண்டுகளில் இம்மியளவு முட்டை வடிவாகும். மூட்டில் அடித்த மர முளை, சுற்றியுள்ள மரம் சுருங்கியதால் மேலே சற்றுத் துருத்தி நிற்கும். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். கை படுகிற இடத்தில் மெருகு ஏறியிருக்க வேண்டும், கை படாத இடத்தில் ஏறியிருக்கக் கூடாது. போலிகளில் பார்த்தால் எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். மனிதர்கள் அவ்வளவு நியாயமாக உட்காருவதில்லை.

உளுதான் எனக்குப் பிடித்த சாட்சி. உளுப்பூச்சி மரத்துக்குள்ளேயே புழுவாக வளைந்து வளைந்து தின்று, வளர்ந்து வண்டான பின் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். நமக்குத் தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகல வட்டத் துளை மட்டும். சுரங்கம் உள்ளே மறைந்திருக்கும். செய்து முடித்த நாற்காலியில் உளு விழுந்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே உளுத்த பலகையை வாங்கி அறுத்துச் செய்தால், ரம்பம் சுரங்கங்களை நெடுக்காக வெட்டிவிடும். மேற்பரப்பில் திறந்த வாய்க்கால்களாக ஓடும். அதைப் பார்த்தால், மரம் முதலில் உளுத்தது, பிறகு நாற்காலியானது என்று அர்த்தம். கம்பியால் துளை போட்டு ஏமாற்றியவர்களும் உண்டு. கம்பி நேரே போகும், புழு நேரே போகாது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழம்பொருள் வியாபாரிகள் அதிகம் பேச விரும்பாதது. 1870ல் செய்த போலிக்கு இப்போது நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. அதன் கால்கள் உண்மையாகவே முட்டை வடிவாகிவிட்டன. முளைகள் உண்மையாகவே துருத்துகின்றன. உளு உண்மையான உளு. கைகளில் நாலு தலைமுறை உட்கார்ந்து ஏறிய மெருகு. போலிக்காரன் முடிக்காமல் விட்டதைக் காலம் கூலியில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டது. சட்டமும் ஒத்துழைத்தது. 1930ன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1830க்கு முன் செய்ததே பழம்பொருள் என்றது. யந்திரம் வருவதற்கு முன் என்று அதில் ஒரு கோட்பாடாவது இருந்தது. 1966ல் அதை மாற்றி நூறு வயதானால் போதும் என்றார்கள். அந்தக் கணக்கில் பார்தினி காலத்துப் பட்டறைச் சரக்கெல்லாம் இன்று அசல் பழம்பொருள். எதன் அசல் என்று கேட்கக் கூடாது. இத்தாலியோ 1909ன் 364ஆம் எண் சட்டத்தால் தன் பழமை வெளியே போவதைத் தடுக்க முயன்றது. புறப்படும் துறைமுகத்தில் வயது ஒரு தடை, இறங்கும் துறைமுகத்தில் வயது ஒரு சலுகை. ஒரு நாற்காலிக்கு இரண்டு வயது இருப்பது எவ்வளவு சௌகரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

*

மரம் பேசத் தயங்கும் இடத்தில் ஓவியம் பேசுகிறது. லண்டன் நேஷனல் காலரியில் ரஃபேல் வரைந்த இரண்டாம் ஜூலியஸ் போப்பின் படம். கிழவர் தலை குனிந்து, ஒரு கையில் கைக்குட்டையும் மறு கை நாற்காலியின் கைமேலுமாக உட்கார்ந்திருக்கிறார். போலோன்யா நகரை இழந்த ஆத்திரத்தில் போப் வளர்த்த தாடி முகத்தில் இருக்கிறது. 1512 மார்ச்சில் அதை மழித்துவிட்டார். அதனால் படம் 1511ன் நடுவுக்கும் 1512ன் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. ஒரு மனிதனின் கோபத்தை வைத்து ஒரு நாற்காலிக்குக் காலம் சொல்வது இங்கே மட்டுமே சாத்தியம் போலும். நாற்காலி குறுக்குக்கால் வகை அல்ல. நேராக நிமிர்ந்த தூண்கள், அவற்றின் உச்சியில் பொன்னிற ஓக் கொட்டைகள். போப்பின் குடும்பப் பெயர் தெல்லா ரோவெரே. ரோவெரே என்றால் ஓக். உட்கார்ந்திருப்பவர் பெயரை நாற்காலியே சொல்கிறது. பின்னால் யாரும் பெயர் ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படத்தையே நெடுநாள் நகல் என்று நினைத்திருந்தார்கள். ஃப்ளாரன்ஸின் உஃபிட்ஸியில் உள்ளதுதான் அசல் என்று அபிப்பிராயம். 1970ல் சுத்தம் செய்து எக்ஸ்ரே எடுத்தபோது பச்சைத் திரைக்கு அடியில் போப்பின் சாவிச் சின்னங்கள் போட்ட வேறொரு பின்னணியை ரஃபேல் முதலில் வரைந்து, பின் மனம் மாறி அழித்திருப்பது தெரிந்தது. நகலெடுப்பவனுக்கு மனம் மாறாது. எனவே லண்டன் படமே அசல் என்றானது.

ரஃபேலின் இந்த நிமிர்ந்த வடிவம்தான் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு இத்தாலியின் முக்கியமான கை வைத்த நாற்காலி. உயர்ந்த சதுர முதுகு, தோல் அல்லது வெல்வெட், வரிசை ஆணிகள், முன் கால்களுக்கிடையே செதுக்கிய குறுக்குப் பலகை, தூண் உச்சியில் பொன் பூசிய இலைகள். ஸ்பெயினின் துறவி நாற்காலியோடு இதற்கு உறவு உண்டு. 1650 வாக்கில் ரோமில் வெலாஸ்கெஸ் பத்தாம் இன்னொசென்ட் போப்பை வரைந்தபோது அவர் உட்கார்ந்திருந்தது இதன் ராஜபரம்பரைப் பதிப்பில். அந்தச் சிவப்புக்குள் அந்த முகம் எவ்வளவு சந்தேகத்தோடு வெளியே பார்க்கிறது! மூன்று நூற்றாண்டு கழித்து ஃப்ரான்ஸிஸ் பேக்கன் அதே போப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1953 படத்தில் போப் வாய் பிளந்து அலறுகிறார். நாற்காலி பொன்மஞ்சள் கோடுகளாகக் கரைந்து ஒரு கூண்டாகிவிட்டது. பேக்கன் 1954ல் ரோமில் இருந்தும் அசல் படத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அச்சுப் பிரதிகளே அவருக்குப் போதுமானதாக இருந்தது. விமர்சகர்கள் அலறலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ, அதிகார ஆசனத்தின் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மரத்தையும் வெல்வெட்டையும் பிடுங்கிய காரியம்தான் பெரிதாகப் படுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டை வேகமாகத் தாண்டலாம். பிரெஞ்சு மோஸ்தர் வந்தது. முதுகு வளைந்தது, கால் நெளிந்தது, நாற்காலி சுகத்துக்கான பொருளானது. கிழக்கு நாட்டு அரக்குப் பூச்சுக்கு ஆசைப்பட்ட வெனிஸ், பஸ்ஸானோவின் ரெமோண்டினி அச்சகப் படங்களை வெட்டி ஒட்டி மேலே வார்னிஷ் அடித்து அதை மலிவாகச் செய்துகொண்டது. இந்த வண்ணம் பூசிய சாமான்களில் வண்ண அடுக்குகளே நாட்குறிப்பு. அடியிலுள்ள அடுக்கில் டைட்டானியம் வெள்ளை இருந்தால், 1916க்கு முன் அது சந்தைக்கே வராத சரக்கு, மேற்கொண்டு பேச்சில்லை.

ஆனால் ஒரு பெயரிடம் நின்றாக வேண்டும்: அந்த்ரெயா புருஸ்தொலொன் (1662 - 1732), பெல்லூனோ ஊர்க்காரர். பியெத்ரோ வெனியேர் என்ற வெனிஸ் பிரபுவுக்காக அவர் செதுக்கிய சுமார் நாற்பது சாமான்கள் இன்று வெனிஸில் கா ரெட்ஸோனிக்கோவில் இருக்கின்றன. அந்த நாற்காலிகளில் கால், கை, சட்டம் எல்லாம் காட்டு மரக் கிளைகளாக முடிச்சும் கணுவுமாக வளர்ந்திருக்கின்றன. பாக்ஸ்வுட்டில் செய்தது மரத்தையே மரமாக நடிக்க வைக்கும் காரியம். கைகளைத் தாங்குபவை கருங்காலியில் செதுக்கிய கருநிறச் சிறுவர்கள். பூச்சாடி தாங்கிகளில் கழுத்தில் சங்கிலியோடு கறுப்பு அடிமைகள். காலத்தைப் பற்றி இங்கே தகராறு இல்லை. செய்தவன் பெயர், செய்வித்தவன் பெயர், ஊர் எல்லாம் தெரியும். கை வேலையின் உச்சம் என்பதிலும் தகராறு இல்லை. வெனிஸ் பிரபு தன் முழங்கையை வைத்து ஓய்வெடுத்த இடம் ஒரு குழந்தையின் தலைக்கு மேல். நடை, வடிவம், திறமை என்று பேசும் புத்தகங்கள் இந்த இடத்தில் 'கவர்ச்சியான அந்நியச் சாயல்' என்ற மாதிரிச் சொற்களைப் போட்டு நகர்ந்துவிடுகின்றன. காலம் நிச்சயமாகத் தெரிந்த நாற்காலியைத்தான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

*

இத்தாலியின் மிகப் பிரசித்தமான ஆசனத்தை யாரும் பழம்பொருள் கடைக் கண்ணோடு பார்ப்பதில்லை. ரோமில் செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் கோடியில் பெர்னினி 1666ல் முடித்த பிரம்மாண்டமான வெண்கல ஆசனம். அதன் வயிற்றுக்குள் ஒரு மர நாற்காலி. அப்போஸ்தலர் பேதுருவே அமர்ந்தது என்பது மரபு. பல்லக்கு மாதிரித் தூக்குவதற்குப் பக்கங்களில் இரும்பு வளையங்கள். பக்தர்கள் புனிதச் சின்னமாகச் சீவியெடுத்துச் சீவியெடுத்துக் கால்கள் தேய்ந்துபோயின. முன் பக்கத்தில் தந்தத் தகடுகள். அவற்றில் இருப்பது கிறிஸ்தவக் காட்சி அல்ல, ஹெர்குலிஸின் சாகசங்கள்.

1821ல் லேடி மார்கன் என்ற ஐரிஷ் எழுத்தாளர் தம் இத்தாலியப் பயண நூலில் ஒரு குண்டைப் போட்டார்: பிரெஞ்சுச் சிப்பாய்கள் வெண்கலத்தை உடைத்துப் பார்த்தார்கள், நாற்காலியில் இஸ்லாமியக் கலிமா அரபு எழுத்தில் பொறித்திருந்தது என்று. 1833ல் வைஸ்மன், பிற்பாடு கார்டினல் ஆனவர், மறுப்பு எழுதினார். மார்கன் குழப்பிக்கொண்டது வேறொரு நாற்காலியோடு. வெனிஸில் சான் பியெத்ரோ தி காஸ்தெல்லோ தேவாலயத்தில் ஒரு கல் ஆசனம், பேதுரு அந்தியோக்கியாவில் அமர்ந்தது என்ற பெயரோடு. அதன் முதுகு ஒரு முஸ்லிமின் கல்லறைப் பலகை. கூஃபி எழுத்தில் குர்ஆன் வசனங்கள். நூற்றாண்டுகளாக வெனிஸ்காரர்கள் அந்த எழுத்துக்கு முன் மண்டியிட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாததில் ஒரு புனிதம் இருக்கிறது.

ரோம் நாற்காலியை 1867ல் பொதுமக்களுக்கு வெளியே வைத்தார்கள். தொல்லியலறிஞர் தி ரோஸி அதைப் பார்த்துவிட்டு, தேய்ந்த ஓக் சட்டம் ஆதிகாலத்தது, தந்தம் பதித்த பகுதி பிற்காலச் சேர்க்கை என்று பிரித்தார். பக்திக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே ஒரு சமரசம். நூறாண்டு கழித்து 1968ல் ஆறாம் பால் போப் நிபுணர் குழு ஒன்றை நியமித்தார். மரத்தைச் சோதித்தார்கள், தந்தத்தைச் சோதித்தார்கள். குறுக்குச் சட்டத்தில் முடிசூடிய ஓர் அரசனின் சிறிய தந்த உருவம்: வழுக்கை சார்ல்ஸ். 875 கிறிஸ்துமஸில் ரோமில் சக்கரவர்த்தியாக முடிசூட வந்தபோது எட்டாம் ஜான் போப்புக்கு அவர் கொடுத்த வெகுமதி என்று முடிவாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டு, பிராங்கியப் பட்டறை, இத்தாலியில் செய்ததுகூட இல்லை. இதைச் சொன்னது திருச்சபையே நியமித்த குழு என்பதைக் கவனிக்க வேண்டும். வியாபாரிகள் அப்படி ஒரு குழுவைத் தங்கள் கடைக்கு நியமித்ததில்லை. சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரி 22ல் ஆசனத் திருநாள் தொடர்ந்து நடக்கிறது. 2024 அக்டோபர் 27லிருந்து டிசம்பர் 8 வரை, வெண்கலத்தைப் பழுதுபார்த்த சாக்கில், நாற்காலியை மறுபடி வெளியே வைத்தார்கள். ஜனங்கள் வந்து பார்த்தார்கள். காலம் பொய்யானாலும் அமர்தல் பொய்யாகவில்லை என்கிறார்களோ என்னவோ. சவனரோலா நாற்காலியை வாங்குபவரும் ஏறக்குறைய அதையேதான் சொல்வார், அவர் விலையும் கொடுத்திருக்கிறார் என்பதைத் தவிர.

பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டு பழமை வேஷம் போடாதவர்களும் இருந்தார்கள். கார்லோ புகாட்டி, மோட்டார் கார் புகாட்டியின் தகப்பனார், மூரிஷ் சாயல் கொண்ட பதிப்பு வேலையையும் தோல் போர்த்தலையும் எடுத்துக்கொண்டு, 1902 தூரின் கண்காட்சியில் நத்தை போல் சுருண்ட நாற்காலிகளைக் கொண்டுவந்து வைத்தார். எந்த நூற்றாண்டும் அவற்றைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அலெஸ்ஸாந்த்ரோ மென்தினி (1931 - 2019) எதிர்ப்பக்கமாகப் போனார். 1978ல் மிலானில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் செய்த ஒரு போலி நாற்காலியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். பால் சின்யாக்கின் ஓவியப் பகுதி ஒன்றை அதன் மேல் விளக்கால் விழவைத்து, துணி மரம் என்ற வித்தியாசமில்லாமல், செதுக்கிய இலைகளின் இடுக்குவரை, புள்ளிபுள்ளியாகக் கையால் வண்ணம் தீட்ட வைத்தார். ப்ரூஸ்தின் நாற்காலி என்று பெயர். ப்ரூஸ்த் இதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததாக யாரும் சொல்லவும் இல்லை. மியூஸியச் சீட்டில் என்ன காலம் போடுவது? வடிவத்துக்கு ஒன்று, புள்ளிகளுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, தச்சனுக்கு ஒன்று. மியூஸியங்கள் 1978 என்று போடுகின்றன. 2011ல் மாஜிஸ் கம்பெனி அதையே பிளாஸ்டிக்கில், இலையும் சுருளும் ஒரே வார்ப்பாக, ஒற்றை நிறத்தில் கொண்டுவந்தது. தோட்டத்தில் மழையில் போட்டுவைக்கலாம். உளு விழாது.